பரம்பரை இரத்தமும் அம்மைக் கிருமியும்

(தூத்துக்குடியில் ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சற்று நூதனமானது. ஹெர்பீஸ் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு கிருமி, மனித உடம்பின் மூல எழுத்துக்குள்ளேயே புகுந்துகொண்டு, தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் பிதிரார்ஜிதச் சொத்துப் போல இறங்கி வருகிறது என்பதுதான் அது. இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியல்லவா, சுயமரியாதை மேடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இந்த நாட்டிலே நோயைக் காட்டி ஒரு கூட்டம் பிழைக்கிறது. பிறப்பைக் காட்டி மற்றொரு கூட்டம் பிழைக்கிறது. இந்த ஒரு கிருமியின் கதையிலே அவ்விரண்டு பிழைப்பின் யோக்கியதையும் வெளியாகிவிடுகிறபடியால்தான் இதை இங்கு பேசுகின்றோம்.

தோழர்களே! இது முத்துக் குளித்த ஊர். கடலிலே எடுக்கும் மணிக்கும் முத்து என்று பெயர். உடம்பிலே கிளம்பும் அம்மைக் கொப்புளத்துக்கும் முத்து என்றுதான் பெயர். பிள்ளைக்குக் கொப்புளம் கண்டால் "முத்துப் போட்டிருக்கிறது" என்கிறோம். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் என்ற பெயருக்கே, முத்தை ஆற்றுகிற அம்மன் என்று பொருள் சொல்லுகின்றார்கள். தசராவுக்கு வேஷம் கட்டிக்கொண்டு அங்கு போகிற ஜனங்களின் கூட்டம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் கடல் முத்தை எடுத்துக்கொள்ளுவோம். சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். முத்துக் குளிக்கிறவனைச் சுறா கடிக்காமலிருக்க மந்திரம் போடுகிறேன் என்று ஒரு கூட்டம் கரையிலே உட்கார்ந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டிலே இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இந்த மந்திரக்காரர்களுக்கு எடுத்த முத்தில் 20இல் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகக் குறித்திருக்கிறார். மூச்சை அடக்கி முங்குகிறவன் ஒருவன். கரையிலே முணுமுணுத்துப் பங்கு வாங்குகிறவன் ஒருவன்! பிறகு என்ன ஆயிற்று? மழைத்துளியுமில்லை, நட்சத்திரமுமில்லை, சிப்பியின் சதைக்குள்ளே ஒரு புழுவோ வேறு அன்னியப் பொருளோ புகுந்துவிட்டால், அதைச் சுற்றிச் சிப்பி தன் பளபளப்பான பூச்சை அடுக்கடுக்காகப் பூசி மூடுகிறது, அதுவே முத்து என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். கண்டதோடு நிற்கவுமில்லை. 1973இல் இதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்திலே டாக்டர் கே. அழகர்சுவாமி, சிப்பிக்குள் ஒரு சிறு மணியையும் வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் வைத்து, முத்தை மனிதன் கையாலேயே உண்டாக்கிக் காட்டிவிட்டார். அன்றைக்கே முத்தின் தெய்வீகம் ஒழிந்தது. ஆனால் உடம்பில் போடும் முத்தின் தெய்வீகம் மாத்திரம் இன்னும் ஒழிந்தபாடில்லை!

நிற்க, அம்மை என்று நாம் ஒரே வார்த்தையால் சொல்லுவதெல்லாம் ஒரே வியாதியல்ல. நம் பாட்டன் காலத்தில் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன பெரியம்மை ஒரு வகை. இந்தியாவிலே அது 1975ஆம் ஆண்டோடு ஒழிந்தது. உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதை ஒழித்தது தீச்சட்டியா, அம்மை குத்தின ஊசியா என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. சின்னம்மை வேறு வகை. அது ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதனைப் பிடிக்கும் ஹெர்பீஸ் வைரஸ்கள் மொத்தம் 9. உதட்டோரத்தில் கொப்புளம் போடுவது ஒன்று; சின்னம்மை தருவது ஒன்று; இப்படியாக ஒன்பது.

இந்தக் குடும்பத்துக்கே ஒரு பொதுக் குணம் உண்டு. அது யாதெனில், ஒரு தரம் உடம்பில் புகுந்தால் பிறகு வெளியேறுவதே கிடையாது. சின்னம்மைக் கிருமி, கொப்புளமெல்லாம் ஆறித் தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகும், முதுகெலும்பின் ஓரத்து நரம்பு முடிச்சுகளிலே படுத்துக்கொள்ளுகிறது. முப்பது, நாற்பது ஆண்டு கழித்து உடம்பு தளரும்போது அந்த நரம்பு வழியாகவே எழுந்து வந்து, இடுப்பைச் சுற்றியோ, நெற்றியிலோ எரிச்சலோடு கொப்புளமாகிறது. இதைத்தான் அக்கி என்கிறோம். அக்கிக்கு நாம் என்ன செய்கிறோம்? குயவரிடம் போய்க் காவியைக் கரைத்துச் சிங்கம் எழுதிக்கொள்ளுகிறோம்! அக்கி சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே வாடிவிடும். வாடினால் சிங்கத்துக்குப் பேர். கண்ணிலே இறங்கிப் பார்வை போய்விட்டால் மாத்திரம் தலைவிதிக்குப் பேர். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரையைத் துவக்கினால் நோவும் குறையும், நாளும் குறையும். வராமலே தடுக்கத் தடுப்பூசியும் இருக்கிறது. இதையெல்லாம் சிங்கம் எழுதுகிறவர் சொல்லமாட்டார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்குச் சொன்னவர் யார்?

சின்னம்மைக் கிருமி நரம்பிலே படுத்திருந்தாலும், அது நம்முடைய குரோமோசோமோடு ஒட்டுவதில்லை. தனியே ஒரு வளையமாகச் சுருண்டு கிடக்கிறது. வாடகைக்காரன் மூலை அறையில் முடங்கிக் கிடப்பதைப் போன்றது அது. வீட்டுப் பத்திரத்திலேயே தன் பெயரை எழுதிக்கொள்ளுகிறவன் அதே குடும்பத்தில் வேறொருவன் இருக்கிறான். அவன்தான் இன்றைய விஷயம்.

1986இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தில் சலாஹுத்தீன், தரம் அப்லாஷி, ராபர்ட் காலோ முதலியவர்கள் ஒரு புதிய கிருமியைக் கண்டார்கள். அதற்கு ஆறாவது மனித ஹெர்பீஸ் வைரஸ் என்று பெயராயிற்று. அதில் ஏ, பி என்று இரண்டு வகை. 1988இல் ஜப்பானியரான யமனிஷியும் அவருடைய கூட்டாளிகளும், குழந்தைகளுக்கு மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல் அடித்து, காய்ச்சல் இறங்கினவுடன் உடம்பெல்லாம் இளஞ்சிவப்பாகத் தடித்து மறைகிறதே, அதற்குக் காரணம் இந்தக் கிருமியே என்று நிரூபித்தார்கள். உலகத்தில் பிறந்த குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் மூன்று வயதுக்குள் இது வந்து போய்விடுகிறது. ராஜா வீட்டுப் பிள்ளைக்கும் வரும், உப்பளத்தில் கூலி செய்கிறவள் பிள்ளைக்கும் வரும். நம் வீடுகளில் இதையும் "அம்மை இறங்கியிருக்கிறாள்" என்றே சொல்லி, வேப்பிலையைக் கட்டி, டாக்டரிடம் காட்டாமல் உட்கார்ந்துவிடுகிறோம்.

1993இல் இத்தாலியில் லுப்பி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார்கள். சிலருடைய இரத்தத்தில் இந்தக் கிருமியின் எழுத்து, தனியாக இல்லாமல், அவர்களுடைய குரோமோசோமோடேயே இணைந்து கிடந்தது. அது எப்படிச் சாத்தியமென்பதைக் கடற்கரைக்காரர்களாகிய உங்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம்.

மனிதனுடைய ஒவ்வொரு அணுவிலும், அதாவது உயிர்செல்லிலும், 46 குரோமோசோம்கள் உண்டு. அவை நீண்ட கயிறுகள் போன்றவை. டி.என்.ஏ. என்னும் சரக்கினாலான அந்தக் கயிற்றில் நான்கே எழுத்துகளால் நம் உடம்பின் கணக்கு முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. தாயிடமிருந்து 23 கயிறு, தகப்பனிடமிருந்து 23 கயிறு. சேர்த்து சுமார் 600 கோடி எழுத்து. கயிறு நுனியில் பிரிந்துபோகாமலிருக்கத் தோணிக்காரர் என்ன செய்கிறார்கள்? நுனியிலே நூலால் நெருங்கச் சுற்றிக் கட்டுகிறார்கள். குரோமோசோமின் நுனியிலும் அப்படி ஒரு கட்டு உண்டு. டெலோமியர் என்று அதற்குப் பெயர். டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி என்ற ஆறு எழுத்தே அங்கு ஆயிரக்கணக்கான தடவை திருப்பித் திருப்பி வருகிறது.

இந்த ஆறாம் நம்பர் கிருமியின் கயிறு சிறியது. சுமார் 1,60,000 எழுத்துதான். ஆனால் அதன் இரண்டு நுனிகளிலும் அதே ஆறு எழுத்து, அதே வரிசையில், திரும்பத் திரும்ப இருக்கிறது! இரண்டு கயிற்றின் முறுக்கும் ஒரே மாதிரியாக இருந்தால் புரியைப் பிரித்து ஒன்றோடொன்று பின்னிவிடலாமல்லவா? அப்படியே இந்தக் கிருமியின் நுனி நம் குரோமோசோமின் நுனியோடு பின்னிக்கொள்ளுகிறது. இவ்வகைக் கிருமி டெலோமியரில்தான் ஒட்டுகிறது என்பதை 2010இல் அமெரிக்காவின் தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆர்பக்கிள், மெட்வெக்ஸ்கி முதலியவர்கள் தெளிவாகக் காட்டினார்கள்.

இப்படி ஒட்டுவது தோலிலோ இரத்தத்திலோ உள்ள ஓர் அணுவில் நடந்தால், அந்த அணு சாகும்போது அதுவும் செத்துப்போகும். ஆனால் ஒரு காலத்தில், ஒரு பெண்ணின் கருமுட்டையிலோ ஓர் ஆணின் விந்தணுவிலோ அது நடந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த பிள்ளைக்கு, உச்சந்தலை மயிர் முதல் கால் நகம் வரை, எல்லா அணுவிலும் இந்தக் கிருமியின் எழுத்து ஒரு பிரதி இருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது இறங்குவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போல. இன்றைக்கு உலகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர் இப்படிப் பட்டவர்கள். அதாவது கோடிக்கணக்கான ஜனங்கள்! அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

1999இல் ஜப்பானில் வெளிவந்த ஒரு குடும்பத்தின் விவரத்தைக் கேளுங்கள். மனைவிக்கு 22ஆம் குரோமோசோமின் நுனியில் இந்தக் கிருமி ஒட்டியிருந்தது. புருஷனுக்கு 1ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருந்தது. அவர்களுடைய மகளைச் சோதித்துப் பார்த்தால், இரண்டு இடத்திலும் இருந்தது. தாயின் பங்கையும் தகப்பனின் பங்கையும் மகள் சரிசமமாக வாங்கிக்கொண்டாள்!

தோழர்களே! இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். "நீர் என்ன கோத்திரம்?" என்று கேட்கிறார்களே, அந்தக் கோத்திரம் யார் வழி? தகப்பன் வழி மாத்திரம். பெற்றவளுக்கு அதில் இடமில்லை. கலியாணமானால் அவளுடைய கோத்திரமே மாறிவிடுகிறதாம்! இயற்கை அப்படிச் சொல்லுகிறதா? பிள்ளையின் உடம்பில் தாய்க்கும் பாதி, தகப்பனுக்கும் பாதி. மகனுக்கும் மகளுக்கும் ஒரே கணக்கு. ஒரு கிருமிக்குத் தெரிந்த நியாயம் தர்ம சாஸ்திரம் எழுதினவனுக்குத் தெரியவில்லை! பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானித்தபோது, உலகம் தலைகீழாகிவிடும் என்றார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டு பிடித்தது; 1989இல்தான் வந்தது. இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்தது. உலகம் தலைகீழாகவில்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

இனி, இரத்தப் பெருமைக்காரர்களிடம் வருவோம். எங்கள் இரத்தம் பரிசுத்தமானது, எங்கள் வம்சத்தில் அன்னியக் கலப்பே கிடையாது, ஆதலால் நாங்கள் உயர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் ஒரு தெருவிலல்ல, எல்லாத் தெருவிலும் இருக்கின்றார்கள். பார்ப்பனன் மாத்திரமல்ல; அவனுக்குக் கீழே தன்னை வைத்ததைப் பற்றிக் கவலைப்படாமல், தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று சந்தோஷப்படுகிற நம்மவனும் அப்படித்தான் பேசுகிறான். இவர்கள் எல்லோருடைய குரோமோசோமிலும் நூற்றுக்கு 8 பங்கு, மிகப் பழங்காலத்தில் புகுந்து தங்கிவிட்ட வேறொரு வகை வைரஸ்களின் மிச்சமென்று விஞ்ஞானிகள் கணக்கெடுத்திருக்கிறார்கள். அது மாத்திரமா? தாய் வயிற்றில் நஞ்சுக்கொடி சரியாக அமைவதற்கு வேண்டிய ஒரு சரக்கே, அப்படி வந்த ஒரு வைரஸின் எழுத்திலிருந்து கிடைத்ததென்று 2000ஆம் ஆண்டில் கண்டார்கள். அன்னியக் கலப்பு இல்லாவிட்டால் இந்தப் பரிசுத்தவான்கள் பிறந்தே இருக்கமாட்டார்கள்!

துறைமுகத்தில் இறங்கும் சரக்கு மூட்டையின் முத்திரையைப் பார்த்து, அது எந்த ஊர்க் கப்பலில் வந்ததென்று கண்டுபிடித்துவிடுகிறோமல்லவா? அதுபோல, இந்த ஆறாம் நம்பர் கிருமி எந்தக் குரோமோசோமின் நுனியில், எந்த மாதிரி எழுத்தோடு ஒட்டியிருக்கிறதென்று பார்த்து, மனித ஜாதி எங்கெங்கே பிரிந்து எப்படிப் பரவினதென்று இப்போது ஆராய்கிறார்கள். 2020லும் 2021லும் அவ்வாறான ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஒருவரையொருவர் கண்டறியாத ஜனங்களுக்கு ஒரே இடத்தில் ஒரே முத்திரை இருக்கிறது. அதாவது, எந்தக் காலத்திலோ அவர்களுக்கு ஒரே பாட்டி அல்லது ஒரே பாட்டன். முத்திரைகளை வைத்துப் பின்னோக்கிப் போகப் போக, மனிதர் கூட்டம் ஆப்பிரிக்காவிலிருந்து வெளிவந்து பரவின வழிதான் தெரிகிறதே தவிர, யாருடைய முகத்திலிருந்தோ தோளிலிருந்தோ தொடையிலிருந்தோ பாதத்திலிருந்தோ பிறந்த வழி எங்கும் தெரியவில்லை.

அன்றியும், இந்தக் குடும்பத்துக் கிருமி மனிதனை மாத்திரம் பிடிப்பதல்ல. கோழிக்கு வரும் மாரெக் என்னும் நோய்க்குக் காரணமான ஹெர்பீஸ் வைரஸும், அதே ஆறு எழுத்தைக் கொண்டு கோழியின் குரோமோசோம் நுனியில் ஒட்டுகிறது. சிப்பிக்கும் ஒரு ஹெர்பீஸ் வகை வைரஸ் உண்டு. 2008 முதல் பிரான்சுக் கரையில் இளஞ்சிப்பிகள் அதனால் கூட்டங் கூட்டமாக மாண்டன. அம்மை என்பது நேர்ச்சை மறந்தவர்களிடம் தேவி காட்டும் கோபமென்றால், பிரான்சுச் சிப்பி எந்த நேர்ச்சையை மறந்தது? அம்மனுக்கே அறுக்கப்படும் கோழி என்ன குற்றம் செய்தது? பூசாரியைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியது நமது கடமை. தலையெழுத்தை ஒழித்த இடத்தில் குரோமோசோம் எழுத்து என்ற புதிய தலையெழுத்தைக் கொண்டுவந்து வைத்துவிடக் கூடாது. இந்தக் கிருமியைப் பரம்பரையாகப் பெற்றவர்களில் பெரும்பாலோர் யாதொரு குறையுமின்றி வாழ்கிறார்கள். கனடா தேசத்துக் கியூபெக்கில் 19,597 பேரைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இதைப் பெற்றவர்களிடையே இருதய நெஞ்சுவலி மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. அதிகமாகக் காணப்பட்டது என்பதற்கு, எல்லோருக்கும் வந்தே தீரும் என்று அர்த்தமல்ல. நாளைக்கே ஒருவன் ஜாதகக் கட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஜீன் கட்டு என்று ஒன்றைக் கொண்டுவந்து, இந்தப் பெண்ணுக்கு இந்தக் கிருமி இருக்கிறது, கலியாணத்துக்கு ஆகாது என்று சொன்னால், அவனும் பழைய ஜோசியனே. அங்கவஸ்திரத்துக்குப் பதிலாக வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அப்படியானால் இந்த அறிவினால் பிரயோஜனம் என்ன? உயிர் காக்கும் பிரயோஜனம் இருக்கிறது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர் ஆகியோருக்கு இந்தக் கிருமி கிளம்பினால் ஆபத்து. ஆகையால் அவர்களுடைய இரத்தத்தில் கிருமியை எண்ணிப் பார்க்கிறார்கள். பரம்பரையாகப் பெற்றவருக்கோ ஒவ்வொரு அணுவிலும் ஒரு பிரதி இருப்பதனால், கிருமி கிளம்பாமல் சும்மா இருக்கும்போதும் எண்ணிக்கை லட்சக்கணக்கில் காட்டும். அதைக் கண்டு, கிருமி கொந்தளிக்கிறதென்று நினைத்து, மஜ்ஜையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடிய கடும் மருந்தைக் கொடுத்துவிட்டால் மருந்தே வியாதியாகிவிடும். இதைத் தெரிந்த டாக்டர் என்ன செய்கிறார்? நோயாளியின் தலைமயிரில் ஒன்றை வேரோடு பிடுங்கியோ, நகத்தை நறுக்கியோ சோதிக்கிறார். அங்கும் அதே எழுத்து இருந்தால், இது பிறப்போடு வந்தது என்று அறிந்து, வேண்டாத மருந்தை நிறுத்துகிறார். மயிரை மொட்டையடித்துக் கோவிலுக்குக் கொடுத்தால் கிடைக்காத பலன், ஒரு மயிரைப் பரிசோதனைச் சாலைக்குக் கொடுத்தால் கிடைக்கிறது!

தாய்மார்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குக் காய்ச்சலோடு கொப்புளமோ தடிப்போ கண்டால், தேவி இறங்கினாள் என்று கைகட்டி நிற்காதீர்கள். ஏராளமாகத் தண்ணீரும் கஞ்சியும் கொடுங்கள். டாக்டரைக் கேளாமல் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். காய்ச்சலில் வலிப்பு வந்தால் மந்திரிக்க ஓடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சின்னம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டினால் ஆட்கள் வருவதில்லை, அதனால் தொற்றுவது குறைகிறது என்பது வாஸ்தவம். அந்த நன்மை இலையினால் வந்ததல்ல, விலகியிருந்ததனால் வந்தது. அதே வீட்டார் கொப்புளம் காயுமுன்னே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில் கூட்டத்திற்கோ மாதா திருவிழாவிற்கோ போனால், அந்த நன்மையும் போய்விடும். கர்ப்பவதிகளும் வயதானவர்களும் அங்கிருப்பார்கள். தெய்வம் எந்த மதத்துடையதானாலும் கிருமி வித்தியாசம் பார்ப்பதில்லை.

முடிவாக ஒன்று. சிப்பிக்குள் அன்னியப் பொருள் புகுந்ததனால் முத்து உண்டாயிற்று. மனிதனுக்குள் அன்னிய எழுத்து புகுந்ததனால் அவன் மிருகமாகிவிடவில்லை, மனிதனாகவே இருக்கிறான். கலப்பில்லாத உடம்பு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகையால் எவனாவது உங்களிடம் வந்து பிறப்பினாலே தான் பரிசுத்தமானவன் என்று சொன்னால், கோபித்துக்கொள்ள வேண்டாம், "ஐயா, உமது குரோமோசோமில் எத்தனை வைரஸ் குடியிருக்கிறது என்று தெரியுமா?" என்று மாத்திரம் கேளுங்கள். நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாமல், படித்தவர்களைக் கேட்டு, உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.